விளிம்பு விளைவில் கோணம் கணக்கிடுவது எப்படி?

குறுகிய பிளவைக் கடக்கும் ஒளி வளைந்து பரவுவதுதான் விளிம்பு விளைவு. லேசர் ஒளியைக் கீற்றணி (நெருக்கமான, சம இடைவெளியில் கோடு கோடாகப் பிளவுகள் உள்ள தகடு) வழியாக விட்டால் திரையில் தள்ளித் தள்ளிப் புள்ளிகள் விழும். எந்தப் புள்ளி எந்தக் கோணத்தில் விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதற்கு இந்த ஒரு வரி போதும்:

இடைவெளி × சைன்(கோணம்) = வரிசை எண் × அலைநீளம்

இடைவெளி என்பது அடுத்தடுத்த இரண்டு பிளவுகளுக்கு நடுவே, மையத்திலிருந்து மையம் வரை உள்ள தூரம். வரிசை எண் என்பது நடுப்புள்ளியிலிருந்து அது எத்தனையாவது புள்ளி என்பது. ஒளி கீற்றணியின் மேல் செங்குத்தாக விழ வேண்டும், சாய்ந்து விழுந்தால் இந்த வடிவம் பொருந்தாது.

முதலில் இடைவெளியைக் கண்டுபிடியுங்கள். கீற்றணியில் மில்லிமீட்டருக்கு 600 கோடுகள் என்றால், 1 மில்லிமீட்டரை 600ஆல் வகுக்க வேண்டும். 0.001667 மில்லிமீட்டர் வரும், அதாவது 1667 நானோமீட்டர். அலைநீளமும் நானோமீட்டரிலேயே இருப்பதால் இப்படி மாற்றிக்கொள்வதுதான் நல்லது, பத்தின் அடுக்குகளில் சிக்கிக்கொள்ள மாட்டீர்கள்.

சிவப்பு ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் 632.8 நானோமீட்டர். முதல் வரிசைக்கு 632.8 ÷ 1667 = 0.3796. இதற்குத் தலைகீழ் சைன் எடுத்தால் 22.3 டிகிரி. கால்குலேட்டர் 0.389 என்று காட்டினால் அது ரேடியனில் இருக்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள்.

இரண்டாம் வரிசைக்கு 0.7592, கோணம் 49.4 டிகிரி. கவனியுங்கள், இரு மடங்காவது சைன் மட்டுமே, கோணம் இல்லை. மூன்றாவதுக்கு 1.139 வரும். சைன் 1ஐத் தாண்டாது, அதனால் கால்குலேட்டர் பிழை காட்டும். அப்படி ஒரு புள்ளியே திரையில் விழாது என்று அர்த்தம்.

இரட்டைப் பிளவுக்கும் இதே கணக்குதான்.

சரி, ஒற்றைப் பிளவுக்கு வருவோம். குழப்பமே இங்கேதான். சமன்பாடு பார்க்க அப்படியே இருக்கும், இடைவெளிக்குப் பதில் பிளவின் அகலத்தைப் போட வேண்டும், ஆனால் கிடைக்கும் கோணத்தில் இருப்பது இருட்டு! ஏன் என்று பார்த்துவிடுங்கள், அப்புறம் மறக்கவே மறக்காது. பிளவின் இரண்டு விளிம்புகளிலிருந்து வரும் ஒளிக்குள் பாதை வேறுபாடு ஒரு முழு அலைநீளம் என்று வையுங்கள். பிளவை மனதில் இரண்டு பாதியாக வெட்டினால், மேல் பாதியில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் கீழ்ப் பாதியில் அரை அலைநீளம் வித்தியாசத்தில் ஒரு ஜோடி இருக்கும். முகடும் அகடும் சேர, ஜோடி ஜோடியாக எல்லாம் அழிந்துபோகும். கீற்றணியில் பிளவுக்குப் பிளவு ஒரு முழு அலைநீளம் வேறுபாடு வருவதால் முகடும் முகடும் சேர்ந்து வெளிச்சமாகிறது.

அதே சிவப்பு லேசரில், 0.1 மில்லிமீட்டர் பிளவுக்கு முதல் இருட்டு வெறும் 0.36 டிகிரியில் வரும்.

திரையில் அளந்து கோணத்தைச் சரிபார்க்கும்போது டான் பயன்படுத்துங்கள்: நடுவிலிருந்து புள்ளி உள்ள தூரத்தைத் திரையின் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது கோணத்தின் டான். திரை 1 மீட்டர் தள்ளி இருந்தால், நம் 600 கோட்டுக் கீற்றணியின் முதல் புள்ளி நடுவிலிருந்து சுமார் 41 சென்டிமீட்டரில் விழும். அந்த 0.41ஐ அப்படியே சைன் என்று எடுத்து அலைநீளம் கண்டுபிடித்தால் 683 நானோமீட்டர் என்று வரும், 50 நானோமீட்டர் தப்பு. ஒற்றைப் பிளவின் 0.36 டிகிரி மாதிரி சின்னக் கோணங்களுக்கு சைனும் டானும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அங்கே எதை எடுத்தாலும் பரவாயில்லை.