குடும்பப் பெயரின் வேரைத் தேடுவோர் செய்யும் தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மரப்பெட்டியின் அடியில் கிடந்த கிரயப் பத்திரத்தில், கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு முன்னால் ‘தோ.’ என்று ஓர் எழுத்து இருந்தது. தலைப்பெழுத்து என்றால் தகப்பனார் பெயர்தான் என்று பழகிப்போன நான், தோத்தாத்திரி என்றொரு முன்னோரை மனத்துக்குள் உருவாக்கிக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் எழும்பூர் ஆவணக்காப்பகத்துக்கும் இரண்டு ஆண்டுகள் அலைந்தேன். எண்பதைத் தாண்டிய அத்தையிடம் பேச்சுவாக்கில் அந்தப் பெயரைச் சொன்னபோது, “தோத்தாத்திரியா, யாருடா அது? நம்மளைத் தோட்டவாருன்னுதானே தெருவுல கூப்பிடுவாங்க” என்று சிரித்துவிட்டார். ‘தோட்ட’ என்பது எங்கள் வீட்டுப் பெயர். தெலுங்கு பேசும் குடும்பங்கள் ‘இண்டிபேரு’ என்பார்களே, அது. தகப்பனாரின் உண்மையான பெயர் அதே வரியில் ‘குமாரர்’ என்ற சொல்லுக்கு முன்னால் முழுதாக எழுதப்பட்டிருந்தது; தேடும் பெயர் அதுவல்ல என்ற நினைப்பில் நான்தான் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

வட சென்னையில் குடும்பப் பெயரின் வரலாற்றைத் தேடத் தொடங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். பெயரோடு ஒட்டியிருக்கும் துண்டு தகப்பனார் பெயரா, வீட்டுப் பெயரா, ஊர்ப் பெயரா, சாதிப் பட்டமா என்று பிரித்துப் பார்க்காமலே அதற்குப் பொருள் தேடக் கிளம்பிவிடுகிறோம். 1844இல் ‘கிரசென்ட்’ இதழைத் தொடங்கியவரும், 1852இல் சென்னை சுதேசி சங்கத்தை நிறுவியவருமான காஜுலு லட்சுமிநரசு செட்டியை எடுத்துக்கொள்ளலாம். காஜுலு அவருடைய தந்தையின் பெயரன்று; தந்தை சித்துலு செட்டி. காஜுலு என்றால் தெலுங்கில் வளையல். ஆனால் அந்தக் குடும்பம் பெயர் பெற்றது துணி வணிகத்திலும் அவுரி வணிகத்திலும். ஆகவே வீட்டுப் பெயரின் அகராதிப் பொருளைக் கொண்டு மூதாதையரின் தொழிலை உறுதி செய்துவிட முடியாது. என்றோ ஒரு தலைமுறையில் ஒட்டிய பெயர், தொழில் மாறிய பிறகும் ஒட்டிக்கொண்டே இருக்கும். சர் பி. தியாகராயரின் பெயரில் உள்ள ‘பி.’யும் பிட்டி என்ற வீட்டுப் பெயரே.

அடுத்தது, பட்டத்தைக் குலப்பெயராக எண்ணி உறவு கொண்டாடுவது. செட்டி என்ற பட்டம் முத்தியால்பேட்டையின் பேரி செட்டியார்களுக்கும் கோமுட்டி வணிகர்களுக்கும் நெசவுத் தொழில் செய்த தேவாங்கர்களுக்கும் உண்டு. கடலோடிகளான பட்டினவரும் அதை வைத்துக்கொண்டதுண்டு. முதலியார் என்ற பட்டத்தைத் தொண்டைமண்டல வேளாளர், செங்குந்தர், அகமுடையார் என்று வெவ்வேறு சமூகத்தார் பயன்படுத்தினார்கள். தங்கசாலைத் தெருவின் ஒரு செட்டியாருக்கும் காசிமேட்டின் ஒரு செட்டியாருக்கும் பொதுவான பாட்டனாரைத் தேடுவது வீண்வேலை. இதன் மறுபக்கமும் உண்டு. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் செய்தது. அதன் பிறகு அண்ணன் பட்டத்தோடும் தம்பி பட்டமில்லாமலும் கையொப்பமிட்ட வீடுகள் ஏராளம். பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஓர் ஆவணத்தை ‘இது நம் ஆள் இல்லை’ என்று ஒதுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒதுக்கப்பட்டது சொந்தப் பெரியப்பாவின் பத்திரம்.

ஊர்ப் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர்களுக்குக் கதை கட்டுவது எல்லாவற்றிலும் இனிமையான தவறு. ஆகவே விடுவதற்கு மிகவும் கடினமானது. திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டையிலிருந்து வெளியேறிய ஒரு குடும்பத்தைக் ‘காலடிப்பேட்டையார்’ என்று அழைப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெருமாளின் திருவடி பட்ட இடம் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று யாராவது உருக்கமாகச் சொன்னால் நம்பிவிடத் தோன்றும். உண்மையில் அது 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை. காலட்பேட்டை நம் நாக்கில் புரண்டு காலடிப்பேட்டை ஆனது. கதையை அழித்துவிட வேண்டியதில்லை. ‘வீட்டில் சொல்வது’ என்று தனியாக எழுதி வைத்துவிட்டு, எந்தப் பழைய ஆவணத்தில் அந்த ஊரின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே முறை. நெசவாளர் பேட்டை என்று தெரிந்தவுடன், அந்தக் குடும்பத்துக்கும் தறிக்கும் தொடர்பு இருந்ததா என்ற, கேட்கத் தக்க கேள்வி ஒன்றும் கிடைக்கிறது.

எழுத்துக் கூட்டலை நம்புவதும் ஆபத்து. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16இல் டர்பனை அடைந்தது. அங்கே நாயுடு ‘நாயடூ’ ஆனது. முதலி ‘மூட்லி’ ஆனது. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆகிவிட்டது. காதில் விழுந்ததை ஓர் எழுத்தர் தனக்குத் தெரிந்த விதத்தில் எழுதிய கூட்டல் அது. அங்கிருந்து வேர் தேடி வரும் உறவினர்கள் அந்தக் கூட்டலையே பிடித்துக்கொண்டு இங்கே தேடினால் ஒன்றும் கிடைக்காது. கப்பல் பட்டியலில் பெயரோடு தகப்பனார் பெயர், ஊர், உடலிலுள்ள அடையாளம் வரை குறித்திருப்பார்கள். குடும்பப் பெயரை விடத் தகப்பனார் பெயரும் ஊரும் சேர்ந்த இணையே நம்பத் தகுந்தது.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தை நிரப்பத் தகப்பனார் பெயரை எழுதுகிறோம்; அது ஒரே தலைமுறையில் மாறிவிடும் என்பதை நினைவில் வைத்தால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை.

கடைசியாக ஆண்டுக் கணக்கு. பழைய ஆவணங்களில் பசலி ஆண்டு, அதாவது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு இருந்தால், ஆங்கில ஆண்டைப் பெற 590 கூட்டிக்கொள்ள வேண்டும். பசலி ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடிவதால், ஜனவரி முதல் ஜூன் வரையுள்ள தேதிக்கு 591. தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், ஏனெனில் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். எங்கள் பத்திரத்தில் ஆங்கிலத் தேதி இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. மிஞ்சியது ‘பிரபவ வருஷம்’ மட்டுமே. பிரபவ 1867இலும் வந்தது, 1927இலும் வந்தது. பழமை கூடினால் பெருமை கூடும் என்ற ஆசையில் நான் 1867ஐ ஒட்டிய பதிவேடுகளையே கேட்டுக்கொண்டிருந்தேன். தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்த பிறகுதான், அதில் இருப்பது தாடி வைத்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை என்பது தெரிந்தது. அவர் பட்டத்துக்கு வந்தது 1910இல்.