காங்க்ரா பாணியில் மரமும் மழைமேகமும் வரைவது எப்படி

ராதா கிருஷ்ணர் சிற்றோவியம் என்றதும் என் வகுப்புப் பிள்ளைகள் நேராகக் கண்ணன் முகத்துக்குத்தான் போவார்கள். "பொறு கண்ணு, முதல்ல மரம் ஆகட்டும்" என்பேன். காங்க்ரா, பசோலி மாதிரி இமயமலை அடிவாரச் சமஸ்தானங்களில் வரைந்த இந்தப் படங்களில் ராதையின் மனசை முகத்தை விட மேகமும் கொடியும்தான் அதிகம் சொல்கின்றன. ராதா கிருஷ்ணர் காதலைப் பாடும் ஜெயதேவரின் வடமொழிக் காவியமான கீதகோவிந்தமே மேகம் கவிந்த வானத்தோடுதானே தொடங்குகிறது!

அந்த ஓவியர்கள் பல தாள்களை ஒன்றாக ஒட்டிய வஸ்லித் தாளில் வரைந்தார்கள். நமக்கு 300 ஜிஎஸ்எம் கனமுள்ள வழவழப்பான வாட்டர்கலர் தாளும் போஸ்டர் கலரும் போதும். அணில் முடி பிரஷ் வேண்டாம், பாவம். மூன்று சைபர் (000) எண்ணுள்ள மெல்லிய செயற்கை பிரஷ்ஷே நன்றாக முனை கூடும்.

பென்சிலில் லேசாக வரைந்து, மேலே வெள்ளையை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு. மங்கலாகத் தெரிகிற கோட்டின் மேல் பிரஷ்ஷால் மறுபடி வரையுங்கள். நிறம் நிரப்பிக் காய்ந்ததும் படத்தை மார்பிள் பலகையில் கவிழ்த்து, முதுகுப் பக்கம் அகேட் என்ற வழவழப்பான கல்லால் தேய்ப்பது பழைய முறை. நான் ஆழியாற்றுக் கூழாங்கல்லில் தேய்க்கிறேன். நிறம் படிந்து பட்டுப் போல ஆகிவிடும்.

இனி மரம். இலைக்கொத்து முழுவதையும் கரும்பச்சையில் திட்டாகப் போட்டுக் காயவிடுங்கள். அதன்மேல் ஒரு படி வெளிறிய பச்சையில் இலை இலையாக எழுதுங்கள். நுனிக்கு மஞ்சள் கலந்த பச்சை. மா இலை நீண்டு தொங்கும், கடம்பிலை அகலம், அதன் பூ மஞ்சள் உருண்டை. எல்லா மரத்துக்கும் ஒரே இலையைப் போட்டால் படம் செத்துவிடும். ஒரு மாங்கொத்தை ஒடித்து மேசையில் வைத்துப் பார்த்தே வரையுங்கள். தென்னையை மட்டும் பிருந்தாவனத்தில் நட்டுவிடாதீர்கள். பொள்ளாச்சிக்காரர்களுக்குக் கை தானாக அங்கேதான் போகும்.

பூங்கொடியை அடிமரத்தில் சுற்றவிடுங்கள். பிரிவுப் படமானாலும் கொடி மரத்தைத் தழுவியே இருக்கட்டும், கிளையில் ஜோடிப் பறவையும் உட்காரட்டும். தனியாக நிற்கிறவளுக்கு அதுதானே பொறுக்காது.

மேகத்துக்கு அவுரி நீலத்தில் துளி கறுப்பு. ஆடியில் ஆனைமலைப் பக்கம் ஒருநாள் நின்று பாருங்கள். அடிவயிறு கறுத்து, மேல் விளிம்பு சாம்பலாக இருக்கும். காய்ந்தபின் வெள்ளைக் கொக்கு வரிசை. கடைசியில் தங்க நிறத்தில் பாம்பு நெளிவது போல மெல்லிய மின்னல். தங்கப்பொடி அடியில் தங்கிவிடும். தொடும்போதெல்லாம் கலக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதிக் கோட்டில் வெறும் தண்ணீர்தான் வரும்.