ஆச்சி சேலையில் அம்மாவுக்கு ஒரு கால் தலையணை

அம்மாவுக்கு 82 வயது. பகல் முழுக்க மர நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் கணுக்கால் இரண்டும் வீங்கிவிடும். செருப்பு வார் பட்ட இடம் பள்ளமாகத் தெரியும். டாக்டர் மாத்திரையோடு, படுக்கும்போது காலை உயர்த்தி வைக்கவும் சொன்னார். வீட்டில் இருந்த தலையணைகளில் ஒன்று கல். மற்றது கால் வைத்ததும் அமுங்கிப் போகிற ஸ்பாஞ்ச். சரி, நாமே ஒன்று தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பட்டன் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது போதும். மெஷின் வேண்டாம், இரண்டு சாயங்காலம் ஆகும்.

வேண்டியவை: பழைய நூல் சேலை ஒன்று, காடாத் துணி (வெளுக்காத கெட்டிப் பருத்தித் துணி) ஒரு மீட்டர், இலவம் பஞ்சு முக்கால் கிலோ, ஊசி, கெட்டி நூல், கத்தரிக்கோல், அளவு நாடா.

சேலைக்குச் சம்மதம்

எங்கள் வீட்டில் அதிக நேரம் பிடித்தது இதுதான். ட்ரங்குப் பெட்டியில் ஆச்சியின் சேலை ஒன்று இருந்தது. அரக்குக் கட்டம் போட்டது, ஒரு ஆனித் தேருக்கு டவுனில் எடுத்ததாம். துவைத்துத் துவைத்து வாழைக் குருத்து மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது. அதைக் கையில் எடுத்ததுமே அம்மா, “ஏட்டி, எங்கம்மை சேலையைக் கால்ல போட்டு மிதிக்கச் சொல்லுதியா?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. பெட்டியை மூடிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவளாகவே சொன்னாள்: “என்னையும் அவ கால்ல போட்டுத்தான குளிப்பாட்டியிருப்பா. வெட்டு. முந்தானையை மட்டும் தொடாத.”

உங்கள் வீட்டிலும் கேட்டுவிட்டே கத்தரியை எடுங்கள். அவசரப்படுத்த வேண்டாம்.

துணியைச் சோதிப்பது

பழைய சேலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நைந்திருக்காது. உட்காரும் இடமும் தரையில் உரசும் கீழ்க்கரையும் முதலில் போகும். கொசுவம் வைக்கிற பாகம் பெரும்பாலும் நன்றாக இருக்கும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழை விலகித் தெரிந்தால் விட்டுவிடுங்கள். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பாருங்கள். ‘சர்’ என்று சத்தம் வந்தால் அந்த இடமும் வேண்டாம். சரிகை, கனத்த கரை இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். வயதானவர்களின் தோல் மெல்லியது, சின்ன உரசலிலும் கீறிவிடும். அதே காரணத்துக்காக ஜிப், பட்டன், கஞ்சி எதுவும் கூடாது.

முந்தானை ஓரத்தில் ஆச்சி சில்லறை முடிந்து வைத்த மூலை இருந்தது. முடிச்சு அவிழ்ந்து எத்தனையோ வருஷம் ஆகியும் துணி அந்த இடத்தில் மட்டும் சுருங்கி, காசு வட்டத்துக்குக் குழிந்தே இருந்தது. முந்தானையை அப்படியே கத்தரித்து அம்மா கையில் கொடுத்துவிட்டேன்.

உள் பை

காடாவை முதலில் நனைத்துக் காயவையுங்கள், சுருங்க வேண்டியது சுருங்கட்டும். 21 அங்குல நீளம், 15 அங்குல அகலத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஓரத்திலிருந்து அரை அங்குலம் விட்டுச் சுற்றித் தையுங்கள். ஒரு தையல் முன்னே போட்டு, ஊசியைப் பாதி பின்னே கொண்டுவந்து திரும்பக் குத்தினால் பிரியாது. ஒரு பக்கத்தில் கை நுழையும் அளவு திறப்பு விட்டு, உட்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள்.

காடா எதற்கு, சேலைத் துணியிலேயே பஞ்சை அடைக்கலாமே என்று முதல்முறை நான் நினைத்தேன், அப்படியே அடைத்தும் விட்டேன். மறுநாள் காலையில் அம்மாவின் கால்விரல் இடுக்கெல்லாம் வெள்ளைப் பூ. ராத்திரி முழுக்கத் தும்மல் வேறு. இலவம் பஞ்சின் இழை மிகச் சன்னம், நைந்த துணியில் நிற்காது.

பஞ்சு

இலவ மரத்தில் நெற்று வெடிப்பது வெயில் காலத்தில். பஞ்சு வேலைக்கும் அதுவே நல்ல காலம். ஆனி, ஆடியில் தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் சாரல் ஈரம் இருக்கும், பஞ்சு காயாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கோரைப் பாயில் கொட்டிக் கட்டியையும் விதையையும் பிரியுங்கள். விரிப்பில் கொட்டினால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். மூலைகளை முதலில் அடைத்து, நடுவைக் கடைசியில் நிரப்புங்கள். இரண்டு காலையும் மேலே வைத்த பிறகும் நாலு விரல் உயரம் நிற்க வேண்டும், அதுதான் பதம். திறப்பைத் தைத்து மூடிவிடுங்கள். இதைத் தண்ணீரில் போடக் கூடாது, வெயிலில் காயவைத்தால் போதும்.

மேல் உறை

சேலைத் துணியை இரண்டு அடுக்காக வைத்து எல்லாத் துண்டையும் வெட்டுங்கள். முன்பக்கம் 21க்கு 15. பின்பக்கத்துக்கு 14க்கு 15 அளவில் இரண்டு. அவற்றில் 15 அங்குல ஓரம் ஒன்றை மட்டும் ஓர் அங்குலம் மடித்து ஓட்டுத் தையல் போடுங்கள். முன் துண்டை நல்ல பக்கம் மேலே தெரிய விரித்து, பின் துண்டுகளை மடித்த ஓரங்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி கவிழ்த்து, சுற்றித் தைத்துத் திருப்பினால் உறை தயார்.

வைக்கும் விதம்

பலர் குதிகாலைத் தலையணை மேல் வைத்துவிடுகிறார்கள். படுத்தே இருப்பவர்களுக்கு அங்கேதான் அழுத்தம் கூடிப் புண் வரும். தலையணை கெண்டைக்காலின் கீழ் முழுக்க இருக்க வேண்டும், குதிகால் அதன் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நிற்க வேண்டும். ஒரு தாளைக் குதிகாலின் கீழே விட்டுப் பாருங்கள், தடையில்லாமல் போனால் சரி. முழங்காலின் கீழ் மட்டும் முட்டுக் கொடுத்து மணிக்கணக்கில் விடாதீர்கள், முட்டி மடங்கியே பழகிவிடும்.

நாற்காலியில் இருக்கும்போது முக்காலி மேல் வைத்துக் காலை நீட்டலாம். தரையில் போட்டு வைக்காதீர்கள். எழுந்திருக்கும்போது தடுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். இருதயக் கோளாறோ கால் ரத்தக்குழாய் அடைப்போ இருந்தால் காலை உயர்த்தலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் தலையணையை நம்பி இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உறை மாற்றும்போதெல்லாம் பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்த்துவிடுவது என் வழக்கம். சர்க்கரை இருப்பவர்களுக்குப் புண் வந்தாலும் வலி தெரியாமல் போகலாம்.

ஓர் உறைக்குக் கிட்டத்தட்ட ஒரு கஜம் சேலை பிடிக்கிறது. ஆச்சி சேலையில் நல்ல பாகம் மூன்று கஜம் தேறியது. துவைத்து மாற்ற அம்மாவுக்கே இரண்டு உறை. முந்தானைத் துண்டு இப்போது அவள் இடுப்பில் இருக்கிறது, அதே மூலையில் பேத்திக்கான பத்து ரூபாய் நாணயம். மீதி ஒரு கஜத்தைப் பெட்டியில் திருப்பி வைக்கலாம் என்று மடித்துக்கொண்டிருந்தபோது கல்லிடைக்குறிச்சியிலிருந்து சித்தி போன் செய்தாள். “எனக்கும் அவதானட்டி அம்மை? எனக்கும் கால் வலிக்குல்லா?”

காடா இன்னொரு மீட்டர் வாங்க வேண்டும்.