கலங்கரை விளக்கக் கோபுரத்தைச் செப்பனிடும்போது தவிர்க்க வேண்டியவை

சாரத்தில் பெல்ட் மாட்டாமல் ஏறக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுங்கள். அண்மையில் ஒரு பழைய கோபுரத்தின் அடியில் புதிதாக வந்த பையன்கள் உற்சாகமாக சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் குழைத்தேன்.

சிமெண்ட்

என் முதல் கோபுரம் கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டியது. இடுக்குகளில் சாந்து உதிர்ந்திருந்தது. கடல் காற்றுக்குக் கெட்டியாக இருக்கட்டும் என்று சிமெண்ட் வைத்து அடைத்தோம். பார்க்க அம்சமாக இருந்தது. சில வருஷங்களில் கல்லின் முகம் தகடு தகடாக உரிந்து உள்வாங்கிவிட்டது. சிமெண்ட் கோடுகள் மட்டும் தேன்கூடு மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. அதைக் கொத்தி எடுக்கப் போனால் கல்லின் விளிம்பும் கூடவே பெயர்ந்து வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

சுவருக்குள் போன ஈரம் சுண்ணாம்பு இடுக்கு வழியாகத்தான் வெளியேறும். அதை அடைத்தால் கல் வழியாக வெளியேறும். ஈரம் உலரும் இடத்தில் கடல் உப்பு படிகமாகி, துளைகளை நெருக்கி உடைக்கும். சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். உதிர்ந்தால் சாந்தை மறுபடி வைக்கலாம், கல்லை வைக்க முடியுமா?

"கடல்ல சுண்ணாம்பு நிக்குமா சார்?" என்று கேட்பார்கள். இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் எடிஸ்டோன் பாறையில் ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் 1759-இல் கட்டி முடித்த கோபுரத்தில், இன்று நாம் குழைக்கும் போர்ட்லேண்ட் சிமெண்டே கிடையாது. அதற்குக் காப்புரிமை வாங்கியதே 1824-இல்தான். ஸ்மீட்டன், களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் தண்ணீருக்குள்ளும் இறுகும் என்று சோதித்தறிந்து, அதோடு இத்தாலிய எரிமலைச் சாம்பலைச் சேர்த்தார். நூறு வருஷத்துக்கு மேல் அலையைத் தாங்கியது. கடைசியில் அரித்துப்போனது அடியிலிருந்த பாறை. மேல்பகுதியைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அடிப்பகுதி இன்னும் அங்கேயே நிற்கிறது.

கிரைண்டர்

பழைய சாந்தைச் சுரண்டி எடுக்க இது வேண்டாம். உளி போதும்.

அவசரம்

சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் இறுகும். புதுச் சாந்து சீக்கிரம் காய்ந்துவிடாமல் அதன்மேல் நனைத்த சாக்கு தொங்கவிடுங்கள். உயரத்தில் காற்று பலம். காலையில் நனைத்தது மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

பிளாஸ்டிக் பெயிண்ட்

சிமெண்டின் தம்பி, இதுவும் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள்.

விளக்கறை

மழை வருகிறது என்று காற்றுத் துளைகளை அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் கண்ணாடியில் வியர்த்த நீர் வழிந்து, கல்லில் பதித்த இரும்புக் கம்பிகளுக்குப் போகும். துருப்பிடித்த இரும்பு பருத்துக் கல்லைப் பிளக்கும். சரி, இன்னொன்று: பழைய லென்ஸ் பாதரசத் தொட்டியில் மிதக்கிறதா என்று விசாரித்த பிறகே அதில் கை வையுங்கள்; பாதரசம் விஷம்.