கடன் அட்டையின் வரம்பை வங்கி திடீரெனக் குறைத்தால் செய்ய வேண்டியவை

ஆடி பிறந்ததும் தீபாவளிச் சரக்குக்கு முன்பணம் புரட்டத் தொடங்கும் மதுரை விளக்குத்தூண் ஜவுளிக்கடைக்காரருக்கும், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அட்டையை நம்பியிருக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் ஒரே விதமான குறுஞ்செய்தி வரக்கூடும்: ‘உங்கள் கடன் வரம்பு மாற்றியமைக்கப்பட்டுள்ளது.’ இரண்டு லட்சமாக இருந்த வரம்பு எண்பதாயிரமாகச் சுருங்கியிருப்பது அதன் பிறகுதான் தெரிய வரும். அந்த நேரத்தில் கோபம் வருவது நியாயமே என்றாலும், வங்கியிடம் சண்டைக்குப் போவதற்கு முன் அடுத்த மாதத்துக் கணக்கைக் காப்பாற்றிக்கொள்வதுதான் முதல் வேலை. பெரிய சேதம் வரம்பு குறைந்த அன்று வருவதில்லை. அதைக் கவனிக்காமல் விட்ட அடுத்த சில வாரங்களில்தான் வருகிறது.

முதலில் செய்தி உண்மைதானா என்று பாருங்கள். ‘வரம்பைத் திரும்ப உயர்த்தித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள்’ என்று அழைப்பவர்கள் மோசடிக்காரர்கள். அவர்களிடம் பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். வங்கியின் செயலியை நீங்களே திறந்து, ‘மொத்த வரம்பு’, ‘பயன்படுத்தக்கூடிய வரம்பு’ ஆகிய இரண்டையும் தனித்தனியே பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியை மாதத் தவணையில் வாங்கியிருந்தால் இரண்டாவது தொகைதான் குறைந்திருக்கும். அது வங்கியின் நடவடிக்கை அல்ல, தவணை கட்டக் கட்டத் தானே ஏறிவிடும். மொத்த வரம்பே குறைந்திருந்தால்தான் கீழே உள்ளவை பொருந்தும்.

அன்றைக்கே, அந்த அட்டையிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் தொகைகள் எவை என்று பாருங்கள். காப்பீட்டு பிரீமியம், செல்பேசிக் கட்டணம், கடைக்கான மென்பொருள் சந்தா போன்றவை போதிய வரம்பில்லாமல் திரும்பிவிடலாம். காப்பீடு காலாவதியானால் அந்த இழப்பு மிகப் பெரியது. அவற்றை வேறு அட்டைக்கோ சேமிப்புக் கணக்குக்கோ மாற்றிவிடுங்கள்.

அடுத்து, நிலுவையைப் புதிய வரம்போடு ஒப்பிட்டுக் கணக்கிட வேண்டும். இந்த இடத்தில் நிதானம் தேவை. உங்கள் நிலுவை ₹70,000 என்று வைத்துக்கொள்வோம். வரம்பு ₹2,00,000 ஆக இருந்தபோது அது 35 சதவீதம். ₹80,000 ஆனதும் அதே நிலுவை 87.5 சதவீதம். நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்கவில்லை, ஆனாலும் கடனில் மூழ்கியவர் போலக் கடன் தகவல் அறிக்கையில் தெரிவீர்கள், கடன் மதிப்பெண்ணும் (சிபில் ஸ்கோர்) இறங்கும். இந்த விகிதத்தை 30 சதவீதத்துக்குள் வைத்திருப்பது நல்லது என்பது கடன் ஆலோசகர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. இந்தக் கணக்கில் அதற்கு நிலுவையை ₹24,000-க்குக் கொண்டுவர வேண்டும், அதாவது ₹46,000 கட்ட வேண்டும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த அறிக்கைக்கான தகவலைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், முழுத் தொகையும் கையில் சேரட்டும் என்று காத்திராமல், கிடைக்கக் கிடைக்கக் கட்டிவருவதே பலன் தரும்.

நிலுவையே புதிய வரம்பைத் தாண்டியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ₹95,000 நிலுவை இருக்கும்போது வரம்பு ₹80,000 ஆக்கப்பட்டால், மிகையான ₹15,000 முழுவதையும் அந்த மாதத்தின் குறைந்தபட்சத் தொகையில் சேர்ப்பது பல வங்கிகளின் வழக்கம். ஐந்தாயிரத்துக்குள் வந்துகொண்டிருந்த குறைந்தபட்சத் தொகை ஒரேயடியாக ₹20,000-ஐ நெருங்கிவிடும். அதைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கச் சொல்லியிருப்பவர்கள் அவ்வளவு பணத்தை முன்கூட்டியே வங்கியில் வைத்திருக்க வேண்டும். வரம்பை மீறும் செலவை அனுமதிக்க உங்கள் வெளிப்படையான ஒப்புதல் தேவை என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நீங்கள் ஒப்புதல் தராத நிலையில் வரம்பு மீறியதற்கான மிகைக் கட்டணம் போடப்பட்டிருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

இந்தப் பற்றாக்குறையை அடைக்க மீட்டர் வட்டிக்கோ தண்டலுக்கோ போக வேண்டாம் என்று மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன். அட்டையில் பாக்கி வைத்தால் வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தொடும் என்பது உண்மைதான்; ஆனால் அதை அடைக்க வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வாங்குவது எவ்வளவோ மேல். தனிநபர் கடனுக்கு நான்கைந்து இடங்களில் ஒரே வாரத்தில் விண்ணப்பிப்பதும் கூடாது, ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகும்.

இனி காரணத்தைத் தேடலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கி, உங்கள் அட்டையோடு நிறுத்தாமல் எல்லாக் கணக்குகளையும் படியுங்கள். மைத்துனருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன், மறந்துபோன நகைக்கடன் வட்டி, எப்போதோ முழுத் தொகையும் கட்டாமல் ‘செட்டில்மென்ட்’ என்று முடித்த இருசக்கர வாகனக் கடன் ஆகியவையும் அதில் இருக்கும். தவறான பதிவு இருந்தால் திருத்தக் கோருங்கள். முழு விவரத்தோடு கொடுத்த புகாரை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன் பின் ஒவ்வொரு நாளுக்கும் ₹100 இழப்பீடு உண்டு.

அறிக்கை சுத்தமாக இருந்தால், அட்டையைப் பயன்படுத்திய விதத்தை நேர்மையாகப் பாருங்கள். தெரிந்த கடையில் அட்டையைத் தேய்த்துக் கமிஷன் போகப் பணமாக வாங்குவது நம் ஊர்க் கடைத்தெருக்களிலும் நடக்கிறது. ஒரே கடையில் மாதந்தோறும் பெரிய முழு எண் தொகையாகப் பதிவாவதை வங்கியின் கணினி எளிதாகக் கண்டுபிடித்துவிடும். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவதும், அட்டையை நெடுநாள் தொடாமல் வைத்திருப்பதும்கூட வரம்பு குறையக் காரணமாகலாம். சில வேளைகளில் உங்களிடம் தவறே இராது. வங்கி தன் மொத்த இடர்ப்பாட்டைக் குறைக்க முடிவெடுத்திருக்கும். 2023 நவம்பரில் கடன் அட்டை நிலுவைகளுக்கான இடர் எடையை (ஒரு கடனுக்கு எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்பதைக் கணக்கிட உதவும் அளவை) வங்கிகளுக்கு 125-லிருந்து 150 சதவீதமாக ரிசர்வ் வங்கி உயர்த்தியது, அவ்வகைக் கடனுக்கு வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டியதாயிற்று.

கிளை மேலாளரிடம் வாதிட்டுப் பயனில்லை. வரம்பை மாற்றும் அதிகாரம் பெரும்பாலும் அட்டைப் பிரிவிடமே இருக்கும். அந்தப் பிரிவுக்கு மின்னஞ்சலில் சுருக்கமாக எழுதுங்கள்: ‘என் அட்டையின் வரம்பு இந்தத் தேதியில் இவ்வளவிலிருந்து இவ்வளவாகக் குறைக்கப்பட்டுள்ளது. எனக்கு எந்தத் தேதியில், எந்த வழியில் தெரிவிக்கப்பட்டது? காரணம் என்ன? வருமானச் சான்றுகளை இணைத்துள்ளேன்; மறுபரிசீலனை செய்து எழுத்தில் பதில் தரவும்.’ சம்பளக்காரர்கள் படிவம் 16-ஐயும், வியாபாரிகள் வருமான வரிக் கணக்கையும் இணைக்கலாம். அட்டை வாங்கியபோது கொடுத்த பழைய வருமானமே வங்கியின் பதிவேட்டில் இருக்க வாய்ப்புண்டு என்பதால் இந்தச் சான்றுகளுக்கு மதிப்பு அதிகம்.

சட்டநிலை இதுதான்: 2022-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கடன் அட்டை வழிகாட்டுதலின்படி உங்கள் ஒப்புதலின்றி வரம்பை உயர்த்தக் கூடாது; குறைப்பதற்கு ஒப்புதல் தேவையில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆகவே ‘ஏன் குறைத்தாய்’ என்ற புகார் நிற்பது கடினம், அது வங்கியின் வணிக முடிவு என்று ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் (ஆம்புட்ஸ்மன்) ஒதுக்கிவிடலாம். ‘தெரிவிக்கவில்லை, அதனால் காப்பீடு காலாவதியானது’, ‘ஒப்புதலின்றி மிகைக் கட்டணம் பிடித்தார்கள்’ என்பன போன்ற புகார்கள் நிற்கும். வங்கியிடம் புகார் செய்து 30 நாள் கடந்தும் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, அந்தக் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம். பண இழப்பு பெரிதாக இருந்தால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடும் வழியும் இருக்கிறது.

கோபத்தில் அட்டையை மூடிவிடுவது பற்றி ஒரு சொல். அந்த எண்பதாயிரமும் போய்விட்டால் மற்ற அட்டைகளின் நிலுவை விகிதம் மேலும் ஏறும். ஆண்டுக் கட்டணமில்லாத பழைய அட்டை என்றால் சிறு செலவுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை, மூடியே தீர வேண்டும் என்றால், நிலுவை முழுவதையும் தீர்த்துவிட்டு எழுத்தில் கோருங்கள். ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால், மூடும் வரை நாளொன்றுக்கு ₹500 வீதம் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.