சிறிய சொகுசுக் கப்பலைத் தேர்வதும், துறைமுகம் ரத்தானால் சமாளிப்பதும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துக் குடும்பங்களில் மணிவிழாவையோ திருமணப் பொன்விழாவையோ ஒட்டிப் பெற்றோரைச் சொகுசுக் கப்பல் பயணத்துக்கு அனுப்பி வைப்பது இப்போது வழக்கமாகி வருகிறது. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளைகள் விளம்பரப் படங்களைப் பார்த்து முன்பணம் கட்டிவிடுகிறார்கள். எந்தக் கப்பல், எந்தக் கடல், எந்த மாதம் என்று உட்கார்ந்து ஆராய்பவர்கள் குறைவு. ஒருவருக்கு நாளொன்றுக்குப் பல நூறு டாலர் செலவாகும் பயணத்தில், ஆசைப்பட்ட ஊரில் கப்பல் நிற்காமலே போய்விட்டது என்று மனம் நொந்து திரும்புபவர்களைப் பார்க்கும்போது, இதை முன்கூட்டியே யாராவது அவர்களிடம் சொல்லியிருக்கலாமே என்று தோன்றுகிறது. துறைமுகம் ரத்தாவதை எந்த நிறுவனத்தாலும் முழுமையாகத் தடுக்க முடியாது. ரத்தானாலும் பயணம் கெடாத கப்பலைத் தேர்வது நம் கையில் இருக்கிறது. அந்த வேலையை முன்பணம் கட்டுவதற்கு முன்பே செய்தாக வேண்டும்.

முதலில் அளவு

‘சிறிய கப்பல்’ என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கப்பல்கள் விற்கப்படுகின்றன. சீட்ரீம் நிறுவனத்தின் இரண்டு கப்பல்களில் தலா 112 பயணிகள்தான். விண்ட்ஸ்டார் நிறுவனத்தின் பாய்மரக் கப்பல்களான விண்ட் ஸ்டார், விண்ட் ஸ்பிரிட் ஆகியவற்றில் 148 பேர். அதே நிறுவனம் நடுவே வெட்டி நீளமாக்கிய ஸ்டார் பிரைட் வகைக் கப்பல்களில் 312 பேர். ரிட்ஸ் கார்ல்ட்டனின் எவ்ரிமாவில் 298 பேர், சீபோர்ன் என்கோரில் 600 பேர், சில்வர்சீயின் சில்வர் நோவாவில் 728 பேர், ரீஜன்ட் செவன் சீஸின் எக்ஸ்ப்ளோரர் வகைக் கப்பல்களில் ஏறத்தாழ 750 பேர். 5,600 பேரை ஏற்றும் ஐகான் ஆஃப் தி சீஸோடு ஒப்பிட்டால் இவை யாவும் சிறியவைதான். ஆனால் துறைமுக விதிகள் அப்படிப் பார்ப்பதில்லை.

25,000 டன்னுக்கு (இங்கே டன் என்பது எடையன்று, கப்பலின் உள்ளிடத்தின் அளவு) மேற்பட்ட கப்பல்கள் கியூதெக்கா கால்வாய் வழியே வெனிஸ் நகரை நெருங்கக் கூடாது என்று இத்தாலி அரசு 2021 ஆகஸ்டு முதல் தடை விதித்திருக்கிறது. ஏறத்தாழ 41,800 டன் கொண்ட சீபோர்ன் என்கோரை அந்தத் தடை கட்டுப்படுத்தும். 4,300 டன் சீட்ரீமை அது தொடாது. அன்டார்டிகாவில் 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிவந்த கப்பல் எவரையும் கரையிறக்கக் கூடாது. மற்றக் கப்பல்களிலிருந்தும் ஓரிடத்தில் ஒரு நேரத்தில் 100 பேர்தான் கரையில் இருக்கலாம். ஆகவே 200 பேர் பயணம் செய்யும் கப்பலில் இரண்டே அணிகளில் வேலை முடியும். 450 பேர் என்றால் ஐந்து அணிகள், ஒவ்வோர் அணிக்கும் அரைகுறை நேரம். நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு, நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இருக்கும் சைகோன், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரம். பெரிய கப்பல்கள் தொலைவில் உள்ள ஃபூ மீ துறைமுகத்தில் நின்றுவிடுவதால் நகரத்துக்குப் பேருந்தில் போய்வரவே பாதி நாள் கழிந்துவிடும். சிறிய கப்பல்களோ சைகோன் ஆற்றில் ஏறி நகரத்துக்கே வர முடியும். பயணத் திட்டத்தில் ‘ஹோ சி மின் நகரம்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால், எந்தத் துறையில் கட்டுவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தாராளமான இடம் என்ற விளம்பரச் சொல்லை நம்பாமல் நீங்களே ஒரு கணக்குப் போடலாம். கப்பலின் மொத்த டன்னைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்குக் கிடைக்கும் இடவசதி தோராயமாகத் தெரிந்துவிடும். என்கோருக்கு ஏறத்தாழ 70 வருகிறது, சீட்ரீமுக்கு 38, ஐகானுக்கு 44. எண் குறைவு என்பதாலேயே சீட்ரீம் தாழ்ந்ததாகிவிடாது. பகல் முழுவதும் வெளித்தளத்தில் கழிக்க விரும்புபவருக்கு அது மிகவும் ஏற்றது. ஆனால் அதில் பால்கனி அறையே கிடையாது என்பதையும், 50,000 டன் கப்பல் பொருட்படுத்தாத அலையில் 4,300 டன் கப்பல் நன்றாகவே ஆடும் என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

கட்டணத்தைப் பேரேட்டில் எழுதிப் பாருங்கள்

நம் வட்டாரத்தில் பற்று வரவு எழுதத் தெரியாத வீடு இல்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அறிவித்த கட்டணத்தின் கீழ் அதில் சேராத ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: பணியாளர் அன்பளிப்பு, பானங்கள், இணையம், கரைச்சுற்றுலா, விமானக் கட்டணம், விசா, காப்பீடு, வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு இங்கே வசூலிக்கும் ஜி.எஸ்.டி., டி.சி.எஸ். (டி.சி.எஸ். என்பது விற்பவரே நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி. அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பதால் அதைத் தனி வரியில் எழுதுவது நல்லது.) சீபோர்ன், சில்வர்சீ, ரீஜன்ட் ஆகியவற்றில் அன்பளிப்பும் பெரும்பாலான பானங்களும் கட்டணத்திலேயே அடங்கும். விண்ட்ஸ்டாரில் அடிப்படைக் கட்டணம் குறைவாகத் தெரியும். அதில் இவை சேரா, கூடுதல் தொகுப்பாக வாங்க வேண்டும். ரீஜன்ட் கரைச்சுற்றுலாவையும் பெருமளவில் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகிறது. அது விளம்பரப்படுத்தும் விமானப் பயணச் சலுகை இந்தியாவிலிருந்து பதிவு செய்பவருக்குப் பொருந்துமா என்று தனியே கேளுங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கரைச்சுற்றுலாவைத் தனியே விலை கொடுத்து வாங்கியிருந்தால், துறைமுகம் ரத்தானவுடன் அந்தப் பணம் திரும்பிவிடும். அது கட்டணத்திலேயே அடங்கியிருந்தால் திரும்ப வர ஒன்றுமில்லை. துறைமுக வரி மட்டும் சிறு தொகையாக வரவு வைக்கப்படும். ரத்தாகும் வாய்ப்பு மிகுந்த கடலுக்குப் போகிறவர்கள், எல்லாம் அடங்கிய கட்டணத்தை மலிவு என்று எண்ணுவதற்கு முன் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர்கள் போகும் பயணத்தில் வேறு சிலவற்றையும் விசாரிக்க வேண்டும். விண்ட் ஸ்டார், விண்ட் ஸ்பிரிட் ஆகிய பாய்மரக் கப்பல்களில் லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவருக்கு அவை ஆகா. உணவைப் பொறுத்தவரை, ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லுக்குள் முட்டையும் சீஸும் அடங்கிவிடும் என்பதால், முட்டை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றில் எவை ஆகாது என்பதைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முகவர் வழியாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கார்த்திகை, சஷ்டி, வெள்ளிக்கிழமை என்று நாள் பார்த்துச் சைவம் சாப்பிடுபவர்கள் அந்தத் தேதிகளையும் குறித்தே கொடுத்துவிடலாம். சிறிய கப்பலின் சமையற்கூடம் இதற்கு இணங்கிவரும் என்பதுதான் அதன் பெரிய நன்மை என்பது என் எண்ணம்.

ஏன் ரத்தாகிறது

தேவகோட்டையில் ஓர் ஆச்சி பயண முகவரிடம் முதலில் கேட்ட கேள்வி இது: “தம்பி, கப்பல் கரையோரமாக் கட்டுமா, இல்லை படகுல இறங்கணுமா?” இதைவிடச் சிறந்த கேள்வியை நான் கேட்டதில்லை. கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டுப் பயணிகளைப் படகில் இறக்கும் துறைமுகங்களே அதிகமாக ரத்தாகின்றன. கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கடல் மட்டத்தை ஒட்டிய மேடையில் நின்று, ஏறி இறங்கும் படகில் மாலுமியின் கையைப் பிடித்துக் காலெடுத்து வைக்க வேண்டும். மேடைக்கும் படகுக்கும் இடையே அலை முழங்கால் உயரத்துக்குப் படகைத் தூக்கிப் போடத் தொடங்கினால் கேப்டன் அந்த வேலையை நிறுத்திவிடுவார், நிறுத்துவதே சரி. சான்டோரினி, ஃபாக்லாந்துத் தீவின் ஸ்டான்லி, ஈஸ்டர் தீவு ஆகியவை இப்படிப்பட்டவை. நம் முன்னோருக்கு இது புதிதன்று. 1926 முதல் பல்லாண்டுகள் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ராஜுலா கப்பல் நாகையில் திறந்த கடலில்தான் நின்றது. பெட்டி படுக்கையோடு படகில் போய்த்தான் ஏறினார்கள்.

அடுத்த காரணம் பருவக் காற்று. ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மெல்டெமி என்ற வடகாற்று வலுக்கும். ஃபுகெட் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிக்கும். கேப் டவுனில் டிசம்பரிலிருந்து தென்கிழக்குக் காற்று துறைமுகத்தையே மூடவைக்கும். வங்கக் கடலைப் பற்றி நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை: 2023 அக்டோபர் 14-இல் தொடங்கிய நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் சேவை சில நாள்களிலேயே வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டு, அடுத்த ஆண்டு ஆகஸ்டில்தான் ‘சிவகங்கை’ என்ற நம் மாவட்டப் பெயர் தாங்கிய கப்பலோடு மீண்டும் தொடங்கியது. ஒரே பயணம் ஒரு மாதத்தில் மலிவாகவும் மறுமாதத்தில் விலை கூடியும் இருந்தால், விலைக்குறைவுக்குக் காற்று காரணமா என்று பாருங்கள்.

அரசின் முடிவும் போரும் பயணத்தை மாற்றுவதுண்டு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட கார்டீலியா கப்பலுக்குப் புதுச்சேரி அரசின் அனுமதி கிடைக்காததால் அங்கே பயணிகள் இறங்க முடியவில்லை. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் பல கப்பல் நிறுவனங்கள் அந்த வழியையே கைவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின.

முன்பணம் கட்டும் முன்

பயண ஒப்பந்தத்தைத் தருவித்துப் படியுங்கள். எந்த நிறுவனமாக இருந்தாலும், வானிலை, பாதுகாப்பு முதலிய காரணங்களால் துறைமுகத்தை மாற்றவோ நீக்கவோ தனக்கு உரிமை உண்டு, அதற்கு இழப்பீடு தரக் கடமையில்லை என்ற பொருளில் ஒரு பிரிவு அதில் இருக்கும். அதை மாற்றவைக்க முடியாது. ஆனால் பயணத் திட்டத்தைப் படித்து, எத்தனை ஊர்களில் படகில் இறங்க வேண்டும், எத்தனை ஊர்களில் இரவு தங்குகிறது என்று எண்ண முடியும். இரவு தங்கும் துறைமுகத்தில் கப்பல் அரை நாள் பிந்தி வந்தாலும் அடுத்த நாள் கையில் இருக்கும். காலை 8 முதல் மாலை 5 வரை மட்டும் நிற்கும் இடத்தில் அந்தத் தாமதமே ஊரை இல்லாமல் ஆக்கிவிடும். அசமாரா நிறுவனம் நெடுநேரம் நிற்பதையே தன் சிறப்பாக வைத்திருக்கிறது. அதன் கப்பல்கள் ஏறத்தாழ 700 பேருக்கானவை, சொகுசில் மற்றவற்றைவிட ஒரு படி எளியவை.

ஒரேயோர் ஊர்தான் பயணத்தின் நோக்கம் என்றால் கப்பலில் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பினாங்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலில் தைப்பூசத்துக்கு நேர்த்திக்கடன் செலுத்த வேண்டியவர் திருச்சியிலிருந்து விமானத்தில் போய் அதை நிறைவேற்றிவிட்டு, பிறகு வேண்டுமானால் சிங்கப்பூரில் கப்பல் ஏறலாம். எந்தத் துறைமுகம் போனாலும் இந்தக் கப்பலில் இத்தனை நாள் இருப்பதே நிறைவு என்று தோன்றுகிற கப்பலை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசாவில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஏதென்ஸில் ஏறித் துருக்கி சென்று மீண்டும் கிரேக்கத் தீவுக்கு வரும் பயணத்துக்கு ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) போதாது, பலமுறை நுழையும் விசா வேண்டும். கிரேக்கத் துறைமுகம் ரத்தாகித் துருக்கித் துறைமுகம் மாற்றாக வந்தால், துருக்கி விசா இல்லாத நீங்கள் மட்டும் கப்பலிலேயே இருக்க நேரிடலாம். ஆகவே திட்டத்தில் இல்லாத பக்கத்து நாட்டின் விசா நிலையையும் முன்பே பார்த்துவைப்பது நல்லது. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா உள்ள இந்தியருக்குத் துருக்கி இ-விசா கிடைக்க வழி உண்டு.

காப்பீட்டுப் பத்திரத்தில் துறைமுகம் தவறுவதற்கென்று தனிப் பிரிவு இல்லையென்றால் அதற்குப் பணம் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் பயணம், கடலிலிருந்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் செலவு ஆகிய இரண்டும் அதில் இருந்தாக வேண்டும். வெளியூர் வாடகைக் கார், வழிகாட்டி ஆகியோரைத் தனியே ஏற்பாடு செய்தால், ‘கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திரும்பும்’ என்று எழுதி வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள்.

அறிவிப்பு வந்த நாளில்

கேப்டன் ஒலிபெருக்கியில் பேசும்போது மாற்றுத் துறைமுகம் எது, எத்தனை மணி நேரம் நிற்கும் என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். உடனே கரைச்சுற்றுலா மேசைக்குப் போங்கள். மாற்று ஊரில் வண்டிகள் குறைவாகத்தான் கிடைக்கும் என்பதால் முதலில் வந்தவர்களுக்கே இடம். கரையில் காத்திருக்கும் ஓட்டுநருக்கும் உறவினருக்கும் செய்தி அனுப்புங்கள். மாற்று ஊர் இல்லாமல் கடலிலேயே நாள் கழிவதானால், சிறிய கப்பலில் அதுவும் இழப்பாக இருக்க வேண்டியதில்லை: சீட்ரீம், விண்ட்ஸ்டார் கப்பல்களில் பின்புற மேடையைத் தாழ்த்திக் கடல் விளையாட்டுக்குத் திறக்க முடியும் என்பதால், அமைதியான விரிகுடா ஏதாவது கிடைத்தால் கேப்டன் அங்கே நிறுத்தக்கூடும்.

வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை, முடிவு அவருடையதன்று. இரண்டு நாள் கழித்து உங்கள் கப்பல் கணக்கை அச்சிட்டு வாங்கி, ரத்தான கரைச்சுற்றுலாப் பணமும் துறைமுக வரியும் வரவு வைக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். வந்த வரவு கையில் திரும்புமா, கப்பலிலேயே செலவழித்தாக வேண்டுமா என்றும் கேளுங்கள். முகவர் தவறான தகவல் தந்து விற்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வானிலையால் ரத்தானதை மட்டும் சொல்லிக்கொண்டு அங்கே போக வேண்டாம். காப்பீட்டில் துறைமுகப் பிரிவு இருந்தால், இறங்குவதற்கு முதல் நாளே துறைமுகத்தின் பெயர், தேதி, ரத்தான காரணம் ஆகிய மூன்றும் எழுதி, கப்பலின் முத்திரை வைத்த கடிதம் ஒன்றை வரவேற்பு மேசையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.