தினமும் ஓட்டும் ஜீப்புக்கு லிஃப்ட் கிட்: எத்தனை மில்லிமீட்டர், எந்த ஸ்பிரிங்?

லிஃப்ட் கிட் என்பது ஸ்பிரிங்கையும், அதிர்வை அடக்கும் ஷாக்கையும் மாற்றி வண்டியின் உடலை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பு. அதைப் போட்டு வண்டியைத் தூக்கும் முன் அது எங்கே தட்டுகிறது என்று பாருங்கள். கீழே படுத்து டார்ச் அடித்தால் உரசிய இடம் பளபளவென்று தெரியும். உரசல் பம்பர் விளிம்பிலோ, சேசிஸ் நடுவிலோ, பக்கப் படியிலோ இருந்தால் லிஃப்ட் கிட் உதவும். பின் ஆக்சில் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டையில் இருந்தால், எவ்வளவு விலைக்குக் கிட் போட்டாலும் அந்த உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. ஸ்பிரிங் தூக்குவது ஆக்சிலுக்கு மேலே இருப்பதை மட்டும்தான். ஆக்சிலைத் தூக்குவது டயர். அதிலும் விட்டம் 50 மி.மீ. கூடினால் கிடைப்பது பாதி, 25 மி.மீ.

சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத் தேரியில் (செம்மணல் மேட்டில்) வண்டி புதைவது பெரும்பாலும் உயரம் பற்றாமல் அல்ல; டயரில் காற்று கூடுதலாக இருப்பதால். 30-க்கு மேல் இருக்கும் காற்றை 18–20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் டயர் பரந்து செம்மணலின் மேல் மிதக்கும். தார்ச்சாலை ஏறும் முன் திரும்ப அடிக்க பம்ப் கையில் இருக்க வேண்டும். 20-ஓடு நான்குவழிச் சாலையில் பறந்தால் டயரின் பக்கச் சுவர் சூடேறிக் கிழியும். கோவில்பட்டிப் பக்கக் கரிசல் சேறும் டயர் பட்டனின் சங்கதிதான். லிஃப்ட் உண்மையில் கைகொடுப்பது ஓடை இறங்கி ஏறும் இடத்தில், குளத்துக்கரை மேட்டில், டிராக்டர் ஓடிக் குழித்த தடத்தின் நடு முதுகில். மாஞ்சோலைக்கு என்று கிட் தேடுகிறவர்களும் உண்டு. அது புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியோடு சாலையில் மட்டும் போய்வரும் இடம். அதற்குக் கம்பெனி உயரமே தாராளம். 2020 முதல் வந்த மஹிந்திரா தாருக்கு 226 மி.மீ., மாருதி ஜிம்னிக்கு 210 மி.மீ. தரை இடைவெளி ஏற்கெனவே இருக்கிறது.

தினமும் ஆபீஸ், பள்ளிக்கூடம், தோட்டம் என்று ஓடும் வண்டிக்கு 40 முதல் 50 மி.மீ. போதும். ஆனி, ஆடியில் வள்ளியூர் தாண்டிப் பணகுடி, காவல்கிணறு வழியே போனால், காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று வண்டியைப் பக்கவாட்டில் அறையும். 100 மி.மீ. தூக்கிய வண்டி, ஒரு லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும் நொடியில் தடம் மாறப் பார்க்கும். வீட்டு ஆச்சி ஏறி இறங்குவதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்து, உங்கள் வண்டியின் முன்பக்கம் எந்த வகை என்று பார்க்க வேண்டும். புதிய தார், இசுசு வி-கிராஸ் போன்றவற்றில் முன்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியே ஆடும். இவற்றுக்கு மலிவாகக் கிடைப்பது ஸ்பேசர், அதாவது இடையில் வைக்கும் தடித்த வளையம். அது இரண்டு விதம். ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) தலையில் வைப்பது ஒன்று. சக்கரத்தில் ஏறும் உயரம் ஸ்பேசரின் கனத்தைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு இருக்கும், 50 மி.மீ. வேண்டும் என்று 50 மி.மீ. ஸ்பேசர் வாங்கி ஏமாறுவது இங்கேதான். சக்கரம் முழுசாகத் தொங்கும்போது பால் ஜாயின்டும் டிரைவ் ஷாஃப்டும் கம்பெனி வைத்த எல்லையைத் தாண்டும். டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட் மடிப்பில் உரசிக் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, தேரி மணல் உள்ளே போனால் ஜாயின்ட் தேய்ந்து போகும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது வரும் 'டக் டக்' சத்தம்தான் அறிகுறி. இன்னொரு விதம், ஸ்பிரிங்குக்கும் அதன் தட்டுக்கும் நடுவில் வைத்து ஸ்பிரிங்கை இறுக்குவது. அது சக்கரம் கீழே இறங்கும் இடத்தைத் தின்றுவிடும். வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது ஷாக் 'டங்' என்று முட்டும். பழைய தார் சி.ஆர்.டி.இ.யில் டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) போல்ட்டை முறுக்கி ஏற்றுவதும் இதே கதைதான். செலவில்லை என்பதால் எல்லாப் பட்டறையிலும் செய்வார்கள். ஸ்பேசரை விட்டுவிட்டு, நீளம் சரியான ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஜோடியாக வரும் கிட்டையே வாங்குங்கள்.

ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில். தூக்கினால் இரண்டு தொல்லை. முன் ஆக்சில் சற்றே உருண்டு காஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) குறையும். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது, 80-இல் வண்டி மிதந்து அலையும். இதற்குக் காஸ்டர் புஷ் (ஆக்சிலைப் பிடிக்கும் ஆர்மின் முனையில், கோணத்தைத் திருத்தும் ரப்பர் உருளை), அல்லது திருத்திய ஆர்ம் கிட்டோடு வர வேண்டும். மற்றது பான்ஹார்ட் ராடு, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி. அதன் நீளம் மாறாததால் ஆக்சில் ஒரு பக்கமாக நகரும். இரண்டு பக்கமும் டயர் ஓரத்திலிருந்து பாடி விளிம்பு வரை டேப் பிடித்தால் தெரிந்துவிடும். நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டால் சரியாகும்.

பின்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டிக்கு ஷேக்கிளை (பட்டையின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) 50 மி.மீ. நீட்டினால் 25 மி.மீ.தான் ஏறும். கூடுதலாக ஒரு பட்டை சொருகினால் உயரும், ஆனால் காலியாக ஓடும்போது முதுகு கழன்றுவிடும். முன் ஆக்சிலுக்குக் கட்டை வைத்து உயர்த்தவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் முறுக்கிக் கட்டை நழுவும்.

உயரத்தைவிட முக்கியமானது சுமை. ஒரு காயில் 3 கிலோவுக்கு 1 மி.மீ. அமுங்கும் என்று வையுங்கள். பின்னால் 120 கிலோ வாழைத்தார் ஏற்றினால் பக்கத்துக்கு 60 கிலோ, அதாவது 20 மி.மீ. இறங்கும். 40 மி.மீ. கிட்டில் பாதி அங்கேயே போயிற்று. எப்போதும் இந்தச் சுமை ஏற்றுகிறவர் கனமான ஸ்பிரிங் கேட்க வேண்டும். வாரத்தில் ஆறு நாள் தனியாக ஓட்டுகிறவர் அதே ஸ்பிரிங்கைப் போட்டால் பின்பக்கம் துள்ளும், மழைச்சாலையில் பிடி விடும். கடைக்காரர் "எத்தனை இன்ச்?" என்று மட்டும் கேட்டு, சுமையைப் பற்றிக் கேட்காவிட்டால் வேறு கடை பாருங்கள்.

பணம் கொடுக்கும் முன் இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 'எல்லாரும் போடுதாங்க, ஒண்ணும் ஆவாது' என்ற பட்டறைப் பேச்சு, விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் சர்வேயர் முன்னால் எடுபடாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாரன்டி இருந்தால் ஷோரூமிலும்.

பொருத்தும் அன்று டேங்கை நிரப்பி, சமதரையில் நிறுத்தி, நாலு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். ஹெட்லைட் வெளிச்சத்தின் மேல்விளிம்பையும் எதிர்ச் சுவரில் சாக்பீஸால் குறித்து, வண்டி நின்ற இடத்தையும் அடையாளம் வையுங்கள். கிட் ஏறியதும், சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடியுங்கள். பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர், ஆக்சில் பிரீதர் குழாய் மூன்றும் விறைக்காமல் தளர்வாக இருக்க வேண்டும். ஹோஸ் விறைத்தால் நீளமானது போடாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

பட்டறையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றுண்டு. சக்கரம் தொங்கும்போதே ஆர்ம் புஷ் போல்ட்டுகளை முழுசாக முறுக்கிவிடுவார்கள். வண்டி தரையில் உட்கார்ந்ததும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சில மாதத்தில் கிழியும். கையால் மட்டும் பூட்டி, நாலு சக்கரமும் தரையில் நின்று முழு எடையும் இறங்கிய பிறகு டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல்லுங்கள். பட்டை ஸ்பிரிங்கின் பழைய யூ போல்ட் ஒருமுறை நீண்டது, புதிது போடுங்கள்.

அலைன்மென்ட் சீட்டில் டோ (சக்கரங்களின் முன்விளிம்பு உள்ளே அல்லது வெளியே திரும்பிய அளவு) மட்டும் இருந்தால் போதாது. காஸ்டர் எண்ணும் அச்சாகி இருக்க வேண்டும். டயரும் மாற்றினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும்: 245/75 ஆர்16-லிருந்து 265/75 ஆர்16-க்குப் போனால் முள் 80 காட்டும்போது வண்டி 83-இல் ஓடும்.

500 கி.மீ. ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் திரும்ப முறுக்கி, நாலு உயரத்தையும் மறுபடி அளங்கள். புது ஸ்பிரிங் 5–10 மி.மீ. உட்காருவது வழக்கம், ஒரு மூலை மட்டும் மாறியிருந்தால் தட்டில் ஸ்பிரிங் முனை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உவரி, கூடங்குளம் கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டியில் உப்பு ஷாக் தண்டை அரிக்கும். நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். கடைசியாக, அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, வெளிச்சத்தைச் சாக்பீஸ் கோட்டுக்கு இறக்கிவிடுங்கள்.